தக்காளியைக் காக்க மக்கும் உறை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி வட்டாரத்தில் தக்காளி, குடைமிளகாய் பயிரிடும் விவசாயிகளுக்கு விளைச்சலைவிட விற்பனைதான் பெரிய கவலை. ராயக்கோட்டைக்கோ பெங்களூருக்கோ அனுப்பும் பெட்டியில் நாலு பழம் கசிந்தாலும் பெட்டி முழுவதற்கும் விலை இறங்கிவிடும்.

அழுகுவது ஏன்?

பறித்த பின்னும் காய்கள் சுவாசிக்கின்றன. வெப்பமும் நீராவியும் வெளியாகின்றன. துளையில்லாத பாலிதீன் பையில் அந்த நீராவி வியர்வைபோல் துளிர்த்து நிற்கும். ஈரத்தில் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் பெருகும். பாலிதீன் மண்ணில் மக்குவதும் இல்லை.

புதிய உறை

மரவள்ளி, மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து மெல்லிய, மக்கும் தாள் தயாரிக்கலாம். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இதற்கு உகந்தது. இது கிருமிகளின் மேலுறையைச் சிதைத்து அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கிறது. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களைச் சேர்த்தும் விஞ்ஞானிகள் சோதித்து வருகின்றனர்.

மாவுத்தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். பாலிதீனைவிட விலையும் கூடுதல். எனவே இவை பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

மாம்பழத்தில் ஆய்வு

அறுத்த புல்லில் மணக்கும் 'ஹெக்சனால்' தாவரங்களில் இயற்கையாகவே உண்டாகும் பொருள். பழத்தின் செல் சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் நொதியை இது அடக்குகிறது, பூஞ்சாணத்தையும் தடுக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகம், கொழும்பு தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை 2012 முதல் இதைக் கூட்டாக ஆராய்ந்தன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும் சோதனை நடந்தது. ஹெக்சனால் கலவையை 2 சதவீதக் கரைசலாக அறுவடைக்கு 30 நாள் முன்பும் 15 நாள் முன்பும் தெளிப்பது ஒரு முறை. வாழைநாரில் செய்த உறையில் ஹெக்சனாலைச் சேர்ப்பது மற்றொரு முறை.

இப்போதே செய்யக்கூடியவை

* தூரச் சந்தைக்குத் தக்காளியை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறிக்கவும்.
* காலை வேளையில் பறித்து, நிழலில் ஆறவிடவும்.
* வெடித்த, அடிபட்ட பழங்களைப் பிரித்துவிடவும்.
* ஈரத்துடன் பெட்டியில் அடைக்க வேண்டாம். பெட்டிகளை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தவும்.
* பச்சைத் தக்காளியை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைக்க வேண்டாம். குளிரால் கெட்டுச் சரியாகப் பழுக்காது.

எந்த உறையும் கிருமியைத் தடுக்குமே தவிர, அடிபட்ட பழத்தை நல்ல பழமாக்காது. பக்குவமாகப் பறிப்பதே முதல் பாதுகாப்பு.