பழைய வைஸும் புதிய பட்டறை மேசையும்

கருவியும் கையும் – தொடர்

பட்டறை மேசைக்கு மரம் அறுக்கும் முன்பே வைஸ் கைக்கு வந்துவிட வேண்டும். மேசையின் உயரம், பலகையின் கனம், முன்காலின் இடம் மூன்றும் வைஸைப் பொறுத்தவை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மேசையை முதலில் கட்டி முடித்துவிட்டு, பிறகு கிடைத்த வைஸை அதன் ஓரத்தில் எங்காவது முடுக்குகிறார்கள். அரத்தை எடுத்து நாலு தடவை ராவியதும் மேசை ஆடுகிறது, இடுப்பு வலிக்கிறது, வேலை பாதியில் நிற்கிறது.

வீட்டுப் பட்டறைக்குக் கடினமான இடங்களில் ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். மலையில் மழை மாதங்களில் அது அதைவிடக் கீழே இறங்குவது அபூர்வம். இந்த மலையிலும் கீழே விதுரா, பாலோடு பக்கத்திலும் ஒரு பட்டறை எப்படி அமைய வேண்டும் என்பதையே இந்த வாரம் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இங்கே தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு மதுரையிலும் திருச்சியிலும் இன்னும் எளிதாகத் தாக்குப்பிடிக்கும்.

மலைத்தோட்டங்களுக்கும் வைஸுக்கும் பழைய தொடர்பு உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் தனித்தனி இயந்திரங்கள் வேண்டும். ஒரு காலத்தில் அவை பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தன. உலர்த்தும் இயந்திரத்துக்குப் பேர்போனது சாமுவேல் டேவிட்சன் 1881-ல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய சிராக்கோ தொழிற்கூடம். உருட்டும் இயந்திரத்துக்குக் கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல் நிறுவனம். உடைந்த உறுப்புக்குப் பதில் உறுப்பு அங்கிருந்து வரும் வரை இலை காத்திருக்காது. அதனால் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு ஃபிட்டரும் அவருக்கு ஒரு மேசையும் கனமான ஒரு வைஸும் இருந்தாக வேண்டும். அந்த நாளைய வைஸ்களில் ஷெஃபீல்டின் ‘ரெக்கார்டு’ முக்கியமானது. அதைச் செய்த சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனம் 1898-ல் தொடங்கியது. இன்று இந்தியாவில் கைக்கருவிகளுக்குப் பெரிய ஊர்கள் பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும்.

பழைய வைஸ் இரண்டு வழியில் கிடைக்கும். பட்டறையை மூடுகிறவர்களிடம் நேரடியாக வாங்கலாம். இல்லையென்றால், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். திருவனந்தபுரத்தில் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த சாலை பஜார்தான் இரும்புச் சாமான் தேடுவோர் முதலில் போகும் இடம். நெடுமங்காடு பக்கம் போனால் ஆக்ரிக்கடை எனப்படும் பழைய சாமான் கடைகளில் கேட்கலாம். எடைக்கு விற்கும் இடத்தில் வாங்குவதே லாபம். வைஸின் மதிப்பை அங்கே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வைஸின் அளவு என்பது தாடையின் அகலம். வீட்டுக்கு 4 அங்குலம் போதும் என்று சொல்வார்கள். இடம் இருந்தால் 5 அல்லது 6 அங்குலமே நல்லது. கனமான வைஸ் சுத்தியல் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். இலேசானது அடியை மேசைக்குக் கடத்திவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. அசையும் தாடையைப் பாதித் தூரம் திறந்து, அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. தாடை தலை தொங்கினால் சறுக்குத்தண்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு தாடைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கைப்பிடி வளைந்திருந்தால் அது ஓர் எச்சரிக்கை. கைப்பிடியின் நீளம் ஓர் ஆள் கையால் முடுக்கும் பலத்துக்குத்தான் கணக்கிடப்பட்டது. அதன்மேல் குழாயை மாட்டி முடுக்கியவர்கள் கைப்பிடியை மட்டுமா வளைத்திருப்பார்கள்? வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அப்படி முடுக்கிய வைஸில் விரிசல் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சந்தேகமுள்ள இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். உடம்பில் விரிசல் உள்ள வைஸை வாங்காமல் விடுவதே நல்லது. வார்ப்பிரும்பை ஒட்டவைக்க முடியும். ஆனால் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கூலியில் இன்னொரு வைஸ் வாங்கிவிடலாம்.

துரு மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. சிவந்து, செதில் செதிலாக நிற்கும் வைஸில்கூட உள்ளே திருகுத்தண்டின் மரை பழுதில்லாமல் இருப்பது சகஜம்; பல வருடம் பூசப்பட்ட கிரீஸும் அழுக்கும் அதை மூடிக் காத்திருக்கும்.

பிரிக்கும் முறை பெரும்பாலான வைஸ்களுக்கு ஒன்றுதான். கைப்பிடியை இடப்புறமாகச் சுற்றிக்கொண்டே போனால் அசையும் தாடை திருகுத்தண்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கனம் அதிகம், கடைசிச் சுற்றுகளில் அடியில் கட்டை கொடுக்க வேண்டும், காலையும் விலக்கி வைக்க வேண்டும். உள்ளே நிலையான உடம்பில் நட்டுக்கட்டை இருக்கும். அது வார்ப்பிரும்பாகவோ வெண்கலமாகவோ இருக்கலாம். விரைவாகத் திறக்கும் வகையில் அரை நட்டும் ஒரு ஸ்பிரிங்கும் கூடுதலாக வரும். எந்த உறுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்வது பிறகு தலைவலியைக் குறைக்கும்.

இறுகிப்போன வைஸில் அவசரம் கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து, மரை தெரியும் எல்லா இடத்திலும் விட்டு ஊறவிட வேண்டும். தினமும் ஒரு முறை விட்டு, பித்தளைக் கம்பியை வைத்து இலேசாகத் தட்டி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வுதான் எண்ணெயை உள்ளே இழுத்துப் போகிறது. ஒரு வாரம் ஆனாலும் நஷ்டமில்லை. பொறுமையிழந்து பெரிய சுத்தியலால் தாடையை அடிக்கும்போதுதான் பழைய வைஸ்கள் உடைகின்றன.

துரு எடுக்கப் பல வழிகள் உண்டு. வீட்டில் செய்யக்கூடியவற்றில் சிறந்தது மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் சலவை சோடாவைக் கரைக்க வேண்டும். சுற்றிலும் கட்டடக் கம்பித் துண்டுகளை நிறுத்தி, அவற்றை ஒன்றோடொன்று கம்பியால் இணைக்க வேண்டும். நடுவில் வைஸ் உறுப்பு அவற்றைத் தொடாமல் தொங்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை வைஸுக்கு, பாசிட்டிவ் முனை கம்பிகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸ் கரையும். ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் துரு கருப்புச் சேறாக மாறிப் பிரஷ்ஷுக்கு உதிர்ந்து வரும். நல்ல இரும்பு ஒரு துளியும் போகாது என்பதுதான் இந்த முறையின் பெருமை. கவனிக்க வேண்டியவை மூன்று. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மூடிய அறையில் செய்யக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தையோ கம்பியையோ பாசிட்டிவ் முனையில் போடவே கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கலவை தண்ணீரில் இறங்கும். ஸ்பிரிங்கையும் வெண்கல நட்டையும் தொட்டியில் இறக்கக் கூடாது.

சின்ன போல்ட், வாஷர்களுக்குப் புளிக்கரைசலோ சிட்ரிக் அமிலமோ போதும். சில மணி நேரத்தில் எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பட்டறைக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்றக் கருவிகளையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும்.

பொன்முடியில் உண்மையான சிக்கல் துரு எடுத்த பிறகுதான் வருகிறது. கழுவிய வார்ப்பிரும்பு ஈரக்காற்றில் சில நிமிடங்களிலேயே மீண்டும் செம்மை படரும். வெயிலை நம்பிப் பயனில்லை. கொதிக்கும் நீரை உறுப்பின்மேல் ஊற்றி எடுத்தால், இரும்பு ஏறிய சூட்டிலேயே தானாக உலர்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு வந்ததும் மெஷின் ஆயில் தடவ வேண்டும். பெயிண்ட் அடிக்கும் பகுதியாக இருந்தால், எண்ணெய்க்குப் பதில் உடனே ரெட் ஆக்சைடு பிரைமர். கேரளத்தில் எதற்கும் தேங்காய் எண்ணெயை எடுக்கும் பழக்கம் உண்டு. இங்கே அது சரிவராது. சுமார் 24 டிகிரியிலேயே அது உறையும். நாள்பட்டால் சிக்குப் பிடித்து அமிலமாகும்.

பழைய பெயிண்ட்டைக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்ப்பது ஆபத்து. அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து, சுரண்டி எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கம்பி பிரஷ் சுழலும்போது கண்ணாடி கட்டாயம். அதிலிருந்து தெறிக்கும் ஒரு கம்பி கண்ணுக்குப் போதும்.

தாடைத் தகடுகள் பெரும்பாலும் பல் மழுங்கியோ ஒரு பக்கம் உடைந்தோ இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுவதுதான் முழு வேலையிலும் கஷ்டமானது. சூடேற்றி, எண்ணெய் விட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் முயல வேண்டும்; வராவிட்டால் டிரில் போட்டு எடுக்க வேண்டும். புதிய ஸ்க்ரூ வாங்கும்போது ஒரு பொறி உண்டு. பழைய பிரிட்டிஷ் வைஸ்களில் மரை விட்வொர்த் வகை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அந்த மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரையில் 60. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல்தான் வந்தது. 5/16 அங்குல விட்வொர்த் துளையில் எம்8 ஸ்க்ரூ பொருந்துவதுபோலத் தோன்றும். ஓரிரு சுற்று உள்ளே போகும். பிறகு இறுகும், ஏனென்றால் முதலாவதில் மரை இடைவெளி 1.41 மில்லிமீட்டர், இரண்டாவதில் 1.25. பலவந்தமாக முடுக்கினால் வார்ப்பிரும்பு மரை பொடிந்துவிடும். பழைய ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப்பார்த்து வாங்குவதே வழி.

புதிய தகட்டை லேத் பட்டறையில் இஎன்8 பட்டையில் வெட்டித் துளைபோட்டு வாங்கலாம். அதைப் பதப்படுத்திக் கடினமாக்குவது வழக்கம். வீட்டு வேலைக்குப் பதப்படுத்தாமல் விட்டாலும் பாதகமில்லை. பித்தளை, அலுமினியப் பொருள்களைப் பிடிக்கும்போது அலுமினிய ஆங்கிள் துண்டு இரண்டைத் தாடைமேல் மாட்டிக்கொண்டால் தழும்பு விழாது.

பெயிண்ட் வெளிப்புறத்துக்கு மட்டும். சறுக்குத்தண்டு, மரை, தாடை இவற்றில் ஒரு சொட்டும் படக் கூடாது. மலையில் இந்த வேலைக்கு ஏற்றவை ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். மூடுபனி நேரத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் அடித்த எனாமல் அடுத்த மழையில் உரிந்துவிடும்.

இனி மேசை. நிற்கும் ஆளின் முழங்கை உயரத்துக்குத் தாடையின் மேல்விளிம்பு வர வேண்டும் என்பது ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 104-ல் இருக்கும். 6 அங்குல வைஸ் மேசைக்கு மேலே 18 முதல் 20 சென்டிமீட்டர் நிற்கும். ஆக, மேசை 85 சென்டிமீட்டர். மர இழைப்பு வேலைக்கு இதே உயரம் கொஞ்சம் அதிகம். இரண்டையும் ஒரே மேசையில் செய்கிறவர்கள் இழைக்கும்போது ஒரு பலகைமேல் ஏறி நிற்பது நல்லது.

கால்களுக்கு அயினி நல்ல மரம். கேரளத்தில் ஆஞ்சிலி என்கிற இதில்தான் வள்ளங்கள் கட்டுகிறார்கள், ஈரத்துக்கு அஞ்சாது. ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் போரான் ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் துளைப்பூச்சியும் விட்டுவைக்காது. எதுவானாலும் மலைக்குக் கொண்டுவந்து சில வாரம் அடுக்கிவைத்து, அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகே அறுக்க வேண்டும். 75 மில்லிமீட்டர் சதுரக் கால்களும் குறுக்குச் சட்டங்களும் ஆணியில் நிற்காது, போல்ட்டில்தான் நிற்கும். மேல்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் 19 மில்லிமீட்டர் தாள் மூன்றை ஒட்டினால் 57 மில்லிமீட்டர் கனம் வரும். நெளியாது. அடித்தட்டில் கருங்கல்லோ மணல்மூட்டையோ வைத்தால் மேசை நகராது. கால்களுக்கு அடியில் ரப்பர் அல்லது கிரானைட் துண்டு கொடுத்தால் சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறாது. கரையானும் சீக்கிரம் கண்ணில் படும்.

கேரள வீடுகளின் கார் ஷெட் பெரும்பாலும் மூன்று பக்கமும் திறந்திருக்கும். சாரல் அடிக்கும் பக்கத்தையாவது மறைக்காமல் அங்கே மேசை போடக் கூடாது.

வைஸ் ஒரு முன்காலுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். நிலையான தாடை மேசை விளிம்பைவிடச் சிறிது வெளியே நீட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான பட்டையைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அது மேசையில் முட்டாமல் தரை வரை இறங்கும். மர ஸ்க்ரூ போதாது. எம்12 போல்ட்டுகளைப் பலகையை ஊடுருவி விட்டு, அடியில் 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடும் ஸ்பிரிங் வாஷரும் கொடுத்து முடுக்க வேண்டும். புதிய மரம் அமுங்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை முடுக்க வேண்டும்.

மேசையருகே பிளக் வைப்பதானால் எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் வைக்கவே கூடாது. ஈரத்தரையில் நின்று இரும்பு வைஸைத் தொட்டபடி கிரைண்டர் ஓட்டுகிறவருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

பராமரிப்பு அதிகமில்லை. திருகுத்தண்டுக்கு லித்தியம் கிரீஸ், சறுக்குத்தண்டுக்கு மெஷின் ஆயில். வேலை முடிந்ததும் இரும்புத்தூளைத் துடைத்து, தாடைகளை இறுக மூடாமல் சிறு இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இறுக மூடினால் நடுவில் ஈரம் தங்கும். மழைக்காலத்தில் எண்ணெய் நனைத்த பருத்தித்துணி ஒன்று மேலே கிடக்கட்டும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், முழுவதும் பிரித்துப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது போட்டால் பொன்முடி மழையிலும் வைஸுக்கு ஒன்றும் ஆகாது.

(அடுத்த இதழில்: அரங்கள்)