சாரல் விழுந்துவிட்டதா?

2010-ஆம் ஆண்டு முதல் ஏழு முறை சிங்கப்பூர் சென்று வந்திருக்கிறேன். மகன் அங்கே பணியில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளி விடுமுறை என்பதால் எங்கள் பயணம் பெரும்பாலும் ஜூனில்தான் அமையும். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரத்தில் நாங்கள் தென்காசியை விட்டுக் கிளம்பிவிடுவோம்.

முதல் பயணத்தில் என்னை ஆட்கொண்டது அந்நாட்டின் தூய்மை. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் ஆலயம் 1827-இல் நாராயண பிள்ளை அவர்களின் முயற்சியால் மரமும் அத்தாப்புக் கூரையுமாக எழுந்தது. இன்று அதன் பிராகாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு காலில் ஒட்டுவதில்லை. ஊர் திரும்பியதும் பேரருவிக் கரையில் கிடந்த எண்ணெய்ப் பாக்கெட்டுகளைக் கண்டு, "இதுவும் ஓர் ஊரா?" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேன். "அப்படியானால் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதானே" என்றாள். மகனும் அதைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

2014-இல் தைப்பூசத்திற்குச் சென்றபோது அந்த மயக்கம் சற்றுக் கலைந்தது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் சென்றன; மேளமும் நாதஸ்வரமும் வழியில் இல்லை. ஊர்வலத்தில் வாத்தியம் இசைக்க 1973 முதல் தடை இருந்தது. (2016-இல் சில இடங்களில் அனுமதித்தார்கள்.) தைப்பூசம் அங்கே அரசு விடுமுறையும் அன்று. ஒழுங்கிற்கும் ஒரு விலை உண்டு என்று எழுதி வைத்துக்கொண்டேன், வங்கிக்காரன் புத்தி!

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்கா பகுதியில் வீரமாகாளியம்மன் சந்நிதி. ஞாயிறுதோறும் கட்டுமானத் தொழிலாளர்கள் அங்கே திரள்வார்கள். நான் மனைவியிடம் பேசியதைக் கேட்டு ஓர் இளைஞர் அருகில் வந்தார்.

"ஐயாவுக்குத் தென்காசிப் பக்கமா?"

"தென்காசியேதான். தம்பிக்கு?"

"சுரண்டை. சாரல் விழுந்துவிட்டதா ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை. நாங்கள் புறப்பட்ட அன்று வெயில்தான் அடித்தது. மூன்று சாரல் காலங்களைத் தாம் பார்க்கவில்லை என்றார் அவர். லாரியில் வேலைக்குப் போகும்போது மழை பெய்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தருவியில் நிற்பதாக நினைத்துக்கொள்வாராம். நான் வியந்து பார்த்த அடுக்குமாடிகளில் அந்தத் தம்பியின் கை பட்டது எத்தனையோ! அதன்பின் அந்நகரத்தை முன்போல் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

2023 பிப்ரவரி 12 அன்று மாரியம்மன் ஆலயக் கும்பாபிஷேகத்திற்கு நேரில் இருக்கும் பேறு கிட்டியது. கணினித் துறையினரும் ஆசிரியர்களும் தொண்டர்களாக நின்று தண்ணீர் கொடுத்தார்கள், செருப்புகளை அடுக்கினார்கள். பதின்மூன்று ஆண்டுகளாக நான் மெச்சிய தூய்மையில் இத்தகைய அன்பர்களின் கைகளும் உண்டு என்பது அன்றுதான் உறைத்தது. அவர்கள் நடுவே நின்றபோது எனக்கு 1990 நினைவுக்கு வந்தது. இடிந்து கிடந்த எங்கள் காசி விசுவநாதர் கோபுரம் சுமார் 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட ஆண்டு அது. வெளியூர்க் கிளையில் இருந்த நான் நூறு ரூபாய் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர்களைத் தாம் பணிவதாகப் பராக்கிரம பாண்டிய மன்னர் கல்லில் பொறித்துச் சென்றார். அவர் பணிந்தவர்களில் நான் இல்லை.

நிரந்தரமாக வர இயலாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் காலை ஐந்தரைக்குக் கோயிலுக்குச் சென்று, நாலைந்து பேராகப் பிராகாரத்தைக் கூட்டுகிறோம். இவ்வாண்டு ஜூனில் பேரப்பிள்ளைகள் இங்கே வந்தார்கள். முதல் சாரல் விழுந்த அன்று கோபுர வாசலில் நின்றபடி சுரண்டைத் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வாசலில் காற்று வழக்கம்போல் ஆளைத் தள்ளிக்கொண்டு வீசியது. நான் பேசியது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"பேச வேண்டாம் ஐயா, போனை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.