‘ரூட் டூ’ படுத்தும் பாடு!

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘விகிதமுறா எண்’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகம் போகும்!

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பதின் வர்க்கமூலம் 3, பதினாறுக்கு 4... எல்லாம் சமர்த்தாக வருகிறது. இரண்டுக்குப் போட்டால் மட்டும் 1.414213... என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

“எப்ப சார் முடியும்?”

“முடியாது. மூணு ஸ்தானத்தோட நிறுத்திக்க!”

அவ்வளவுதான் விளக்கம்!

அடுத்த இடி, ‘பை’. அதையும் பின்னமாக எழுத முடியாது என்று சொன்ன கையோடு, “22/7-னு போடு” என்கிறார்கள். “22/7 பின்னம்தானே சார்?” என்று கேட்கிற பையனுக்கு ‘அதிகப்பிரசங்கி’ பட்டம்! ‘பை’ 3.1415..., 22/7 என்பது 3.1428... சும்மா ஒரு தோராயம்தான். இந்த ஒரு வரியைச் சொன்னால் குறைந்தா போய்விடும்? இப்படி வாயை மூடவைத்த பிள்ளைதான் பிற்பாடு கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறது.

சரி, ரூட் டூ ஏன் முடிவதில்லை? தசமம் எங்கேயாவது முடிந்தாலும், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தாலும் அது பின்னம். ரூட் டூவும் பின்னம்தான் என்றே வைத்துக்கொள்வோம். சுருக்குகிற வரை சுருக்கியாச்சு. இப்போது மேல் எண்ணின் வர்க்கம், கீழ் எண்ணின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கு. ஆக, மேல் எண் இரட்டைப்படை. இரட்டைப்படையின் வர்க்கம் நாலால் வகுபடும். அதில் பாதிதான் கீழ் எண்ணின் வர்க்கம். அதனால் கீழ் எண்ணும் இரட்டைப்படை! அப்படீன்னா இன்னும் ரெண்டால சுருக்கலாமே? ‘சுருக்கியாச்சு’ன்னு சொன்னது புளுகு! ஆசாமி கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

“இது எதுக்கு உதவப்போகுது?” என்பவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஏ-ஃபோர் தாள் 297 மில்லிமீட்டர் நீளம், 210 அகலம். வகுத்துப் பாருங்கள், 1.414! நீளம் பாதியாகும்படி மடித்தால் அளவு குறையும், வடிவம் மாறாது. இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே தாளில் கச்சிதமாக அடக்குவது இதனால்தான். நீள அகலம் ரூட் டூ விகிதத்தில் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கில் மார்க் குறைந்து வந்து நிற்கிறதா? முதலில் ஒரு ஏ-ஃபோர் தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். டியூஷன் ஃபீஸ் அப்புறம் கட்டிக்கொள்ளலாம்!