கொய்யாப்பழமும் தலைவலி மாத்திரையும்

தலைவலிக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் போட்டவர், கையோடு ஒரு கொய்யாப்பழத்தையும் சாப்பிட்டு முடிக்கிறார். அரை மணி நேரமாகியும் வலி விடவில்லை. மாத்திரை சரியில்லையோ?

மாத்திரையில் கோளாறில்லை. பாராசிட்டமால் சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ரத்தத்தில் மளமளவென்று கலக்கும். கொய்யா, ஆப்பிள் போன்ற பழங்களில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருள் வயிற்றில் கூழாகி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தக்கூடும். உடம்பில் சேரும் மருந்து பெரிதாகக் குறைவதில்லை, நேரம்தான் தள்ளிப்போகிறது.

இது தெரியாமல் உடனே இன்னொரு மாத்திரை போடுவதுதான் ஆபத்து. இரண்டு வேளைக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மீறினால் அடிபடுவது கல்லீரல்.

இன்னொரு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் சங்கதி வேறு. அது வயிற்றைப் புண்ணாக்கக்கூடியது என்பதால், சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.