விளையாட்டுக் கணினியின் உறுப்புத் தெரிவு

உறுப்பு ஒவ்வொன்றும் சிறந்ததாயினும் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் கணினி இயங்காது. பல மாதச் சேமிப்பும் வீணாகும். விளையாட்டுக் கணினியைத் தாமே முதன்முறை அமைப்போர் மனங்கொள்ள வேண்டுவது இதுவே.

செலவின் பெரும்பங்கு வரைகலை அட்டைக்கு உரியது. காட்சி தடையின்றி ஓடுதல் பெரிதும் அதனாலேயாம். அடுத்தவை செயலியும் தாய்ப்பலகையும். ஏஎம்5 செயலி ஏஎம்4 பலகையிற் பொருந்தாது. டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 பள்ளத்தில் நுழையாது. மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் தகாது. அது பழுதுறின் ஏனை உறுப்புகளையும் கெடுத்தல் கூடும். உறுப்புகள் யாவும் 350 வாற்று நுகருமாயின் 550 வாற்று வழங்கியே ஏற்றது.

இவை எவ்விடத்துக்கும் பொது. மன்னார்த் தீவிலோ காற்றையும் கருதுதல் வேண்டும். அதன் வன்மைக்குத் தென்கரையில் 2020இல் தொடங்கப்பெற்ற தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளே சான்று. அக்காற்று கொணரும் உப்பீரம் உலோகத்தை அரிக்கும். மணற்றூசி விசிறிகளை அடைக்கும். ஆதலின் தூசிவடி பொருந்திய பெட்டியைத் தெரிந்து, வடியை அடிக்கடி துடைத்தல் நன்று.

2022இல் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி வரை நீண்டது. அத்தகைய வேளையில் யூபிஎஸ் நெடுநேரம் விளையாட உதவாது. எனினும் கணினியை முறையாக நிறுத்த அவகாசந் தரும்.

விலையுயர்ந்த உறுப்பினும் இடத்திற்கு இயைந்த உறுப்பே நெடிதுழைக்கும்.