ஏழரை விழுக்காடு: ஆறாம் வகுப்பிலேயே அடைபடும் கதவு

மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றே: “எங்கள் பிள்ளை 7.5% ஒதுக்கீட்டில் வருவாளா?”

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீட்டைத் தர 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் ஏழ்மையை அளக்க வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாரா என்று மட்டும் பார்க்கிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். சான்றிதழில் வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம். ஏழு வருட வருகைப் பதிவேட்டைப் புதிதாக உண்டாக்குவது எளிதல்ல.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ‘ஏழை மாணவர்களுக்கான ஒதுக்கீடு’ என்று மேடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் வீட்டைப் பார்ப்பதில்லை. ஒரு விசைத்தறித் தொழிலாளி கடன் வாங்கி மகளை மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கிறார். கொரோனாவில் தறி நிற்கிறது. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார். அதன்பின் ஆறு வருடம் அங்கேயே படித்தாலும் அவளுக்கு இடமில்லை. குடும்பம் நொடித்துப்போனதற்கு அந்த மாற்றமே சாட்சி. தகுதியைப் பறிப்பதும் அதுதான்.

சிற்றூர்களில் இன்னொரு கூட்டமும் வெளியே நிற்கிறது: அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை; பள்ளி மட்டும் வேறு. சட்டம் செல்லும் என்று 2022-இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றமும் அவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டது.

கடிதங்களில் வரும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் உண்டா? உண்டு.

நீட் தேர்ச்சி வேண்டுமா? கட்டாயம்.

69% இடஒதுக்கீடு? இதற்குள்ளும் பொருந்தும்.

கல்லூரிக் கட்டணம்? அரசு ஏற்கிறது, நீட் பயிற்சி மையத்துக்குக் கொடுத்த பணம் திரும்பாது.

ஏன் 7.5? இந்த ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்த நீதிபதி கலையரசன் குழு கேட்டது 10%, அரசு குறைத்தது.

இடையில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு வழியே இல்லையா? கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டுவரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களை இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் ஏற்கிறது. அந்த விலக்கைத் தறித் தொழிலாளியின் மகளுக்கும் நீட்டினால் போதும். சட்டமன்றம் மனம்வைத்தால் ஒரு திருத்தத்தில் முடியும் வேலை.