பால்மா டின்னில் ஒரு பிடி அரிசி

கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஒரு தகரக் கொட்டில். அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு பழைய பால்மா டின் தொங்கும். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அந்த வீட்டம்மா ஒரு பிடியை எடுத்து முதலில் அந்த டின்னுக்குள் போடுவார். பிறகுதான் பானைக்கு. சம்பூரில் இருந்து உடுத்த உடுப்போடு வந்தவர் அவர். அளந்ததும் நிவாரண அரிசி.

அப்போது நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முகாம் பிள்ளைகள் வகுப்புக்கு வராத நாளில் தேடிப் போவது வழக்கம். அப்படிப் போன ஒரு நாள் கேட்டேன்: "எதுக்கம்மா இந்த டின்?"

"வைகாசிச் சடங்குக்கு, ரீச்சர். உங்கட ஊர் அம்மனுக்குச் சோறாக்கேக்க எங்கட அரிசியும் அதுக்க கிடக்கோணும்."

"அட்டைக்கு வாற அரிசியில இருந்தா?"

"வாற அரிசியிலதான் குடுக்கலாம். வராத அரிசியில எப்பிடிக் குடுக்கிற?"

சமய நம்பிக்கையின் பேரால் நடக்கும் அறப்பணிகளைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டின்தான். இல்லாதவருக்குக் கொடுப்பது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கிய கை எப்போது கொடுக்கும் கையாகிறது என்பதே நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பார்த்து வந்த விஷயம்.

எங்கள் ஊர் இருக்கும் பகுதிக்குப் பழைய பெயர் கொட்டியாபுரம். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூரைத் தாண்டி, வெருகலுக்குப் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே கிளிவெட்டி கிடக்கிறது. மகாவலி கங்கை கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் நிலம் இது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பட்டினத்துக்குத் தரைவழியாகப் போக ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் 'பாதை' எனும் படகில் ஏற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மூதூரில் இருந்து லாஞ்சி. ஆஸ்பத்திரிக்கும் மேற்படிப்புக்கும் தண்ணீரைக் கடந்தாக வேண்டிய ஊர்களில் ஏழ்மை என்றால் காசில்லாமை மட்டும் ஆகாது. போய்ச் சேரமுடியாத தூரமும் ஏழ்மைதான்.

அதற்குமேல் யுத்தம். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி எங்களுக்கு அடுத்த குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2006 ஏப்ரலில் சம்பூர் மீது குண்டு விழத் தொடங்கியது. அந்த மக்கள் வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, 2007 முதல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வந்து தங்கினார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் நிவாரண நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர், உதவி செய்ய வந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். கொடுக்க வருவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலம் அது.

இப்படிப்பட்ட மண்ணில் தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை எங்கே அனுப்புவது? அரிசிக்கு நிவாரண அட்டை உண்டு. பிள்ளைக்கு அட்டை இல்லை. இந்த இடத்தில்தான் கோயிலும் மடமும் தேவாலயமும் பள்ளிவாசலும் நடத்தும் இல்லங்களும் விடுதிகளும் பள்ளிகளும் வந்து நிற்கின்றன. அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதன் அருமை தெரியும்.

1870களின் கடைசியில் பஞ்சம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றுவது சைவப் பணியே என்று ஊருக்குக் காட்டியவர் அவர். 1897 ஜனவரி 15இல் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் கரையிறங்கி, யாழ்ப்பாணம் வழியாகப் பாம்பனுக்குப் போனார். அந்த ஆண்டு மே 1ஆம் திகதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். தன் விடுதலையும் உலகின் நலனும் ஒரே பணி, ஏழையின் வடிவில் நிற்பவன் நாராயணன் என்பது அதன் அடிப்படை. காவி உடுத்தவர் காட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகலாம் என்ற எண்ணம் அன்றைக்குப் பலருக்குப் புதிது.

அதைக் கிழக்கிலங்கைக்குக் கொண்டுவந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் அவர். கல்முனையில் மெதடிஸ்த பள்ளியிலும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்பித்தார். 1924இல் மயிலாப்பூர் மடத்தில் துறவு பெற்றுத் திரும்பியதும் அவர் கையில் எடுத்த வேலை பள்ளிக்கூடம்.

1897இல் தோன்றிய திருகோணமலை இந்துப் பாடசாலை 1925இல் மிஷனின் கைக்கு வந்தது. சுவாமி சில காலம் அதன் அதிபராகவும் இருந்தார். 1929இல் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். தனக்குத் துறவு கொடுத்த சுவாமி சிவானந்தரின் பெயரை அதற்கு வைத்தார். அங்கே வளர்ந்த மாணவர் இல்லம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு வீடானது. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும், அருகே திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்குப் போய் எழுத்தறிவித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. 1947 ஜூனில் யாழ் நூலை அரங்கேற்றி, ஜூலை 19இல் கண்மூடினார். அவர் சமாதி கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவுக்குள் இருக்கிறது. 

மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் கல்வியை வாங்கியவர் அதைத் தன் மண்ணின் ஏழைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுப்பது கடன் தீர்ப்பது. இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது அறம். என் ஐயா திருகோணமலையில் மிஷன் நடத்திய அந்த இந்துப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். கங்கையைக் கடந்து போய், விடுதியில் தங்கி, ஊருக்கு ஒரு வாத்தியாராகத் திரும்பி வந்தார். அவர் படிப்பித்தவர்களில் ஒருத்தி நான்.

1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மிஷன் கட்டி எழுப்பிய பள்ளிகள் அரசின் கைக்குப் போயின. ஆனால் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். திருகோணமலையில் இன்றைக்கும் 'தி/இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி' என்றே எழுதியிருக்கிறது. 'இ.கி.ச.' என்றால் இராமகிருஷ்ண சங்கம். பள்ளிகள் போன பின்னும் துறவிகள் வாசலைச் சாத்திக்கொண்டு போகவில்லை. இல்லங்களையும் விடுதிகளையும் நடத்தினார்கள். தன் பெயரில் நடந்ததை இன்னொருவர் நடத்தும்போதும் பிள்ளையைக் கைவிடாமல் இருப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

சைவர் மட்டும் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1814இல் இலங்கை வந்த மெதடிஸ்த ஊழியர்களில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கி, ஒரு வருடம் நிறைவதற்குள் நோயில் இறந்தார். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபியர் அடிகளார் திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். பிறகு மட்டக்களப்பில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடப் போன தமிழ்ப் பையனோடு காணாமற் போனார். யாழ்ப்பாணத்தில் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நிர்வகித்தபோது, கோயிலோடு சேர்த்துப் பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லத்தையும் வளர்த்தார். காணிக்கை கோபுரமாக மட்டும் உயராமல் சோறாகவும் புத்தகமாகவும் மாறலாம் என்பதற்கு 2008இல் அவர் மறைந்த பின்னும் சாட்சியாக நிற்பது அந்த இல்லம்.

எங்களுக்கு அயலூர் தோப்பூர், முஸ்லிம் மக்களின் ஊர். அவர்களுடைய ஸகாத் முறையை நான் அங்குள்ள சக ஆசிரியை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குறித்த அளவுக்கு மேல் செல்வம் ஒரு வருடம் கையில் தங்கினால் அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்கு உரியது. "அது நாங்கள் குடுக்கிற பிச்சை இல்ல ரீச்சர். அது அவங்கட பங்கு. எங்கட கையில கொஞ்ச நாள் இருந்தது, அவ்வளவுதான்" என்றார். இதைவிடத் தெளிவாக அறத்தை எனக்கு யாரும் விளக்கியதில்லை. தன் பங்கை வாங்குகிறவர் தலை குனியத் தேவையில்லை.

தலை குனிய வைக்கும் தானத்தையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை முகாமுக்குப் புத்தகப்பை கொண்டுவந்தார்கள் ஓர் அமைப்பினர். பெரிய பதாகை கட்டினார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று ஒரு சிறுமியிடம் கொடுத்த பையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். அடுத்த நாள் அவள் அந்தப் பையைக் கொண்டுவரவில்லை. பழைய சொப்பிங் பையில்தான் புத்தகம் கொண்டுவந்தாள். நான் காரணம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ஓர் அறநிலையத்துக்குக் காசு கொடுக்க நினைப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் உட்பட, சிலதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அது முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, கணக்கு வெளியில் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. பிள்ளைகள் இல்லம் என்றால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அதை அறிந்திருக்க வேண்டும். உறவினர் உள்ள பிள்ளைக்கு உறவினரோடு இருந்தே படிக்க உதவ முடியுமா என்று அவர்கள் யோசிக்கிறார்களா என்றும் பாருங்கள்; வீட்டுக்கு ஈடான இல்லம் கிடையாது. சோற்றுக்கு விலையாகச் சாமியை மாற்றச் சொல்கிறார்களா என்று பாருங்கள். எந்தச் சமயம் சொன்னாலும் அது வியாபாரம். கடைசியாக, அங்கே வளர்ந்த பிள்ளைகளில் யாராவது திரும்பி வந்து அந்த இடத்தில் ஒரு வேலையைத் தூக்கிச் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். என் அனுபவத்தில் மற்ற எல்லாக் கேள்விக்கும் விடை அதற்குள் இருக்கிறது. விடுதியில் படித்த பையன் பெரியவனாகி வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில், அவனை யாரும் பிச்சைக்காரனாக வளர்க்கவில்லை என்று நம்பலாம்.

முகாமில் அந்த அம்மாவின் டின்னைப் பார்த்த பிறகு எங்கள் கோயிற்காரரிடம் சொன்னேன். அந்த வைகாசியில் அன்னதானத்துக்கு ஊர் வீடுகளில் அரிசி தண்டப் போனவர்கள் முகாமுக்கும் போனார்கள். முதலில் தயங்கினார்கள், இல்லாததுகளிடம் கேட்பதா என்று. போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கொட்டிலில் அரிசி எடுத்து வைத்திருந்தார்கள். கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் மாதிரி இருந்தது.

2015இலும் 2016இலும் சம்பூர் நிலங்கள் விடுவிக்கப்பட்டன. கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த அம்மாவும் சம்பூருக்குத் திரும்பிப் போய்விட்டார். வளவில் மதிலும் இல்லை, கிணறும் தூர்ந்து போய்க் கிடந்தது என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு வைகாசி. சடங்கு நாள் காலையில் கோயில் மடைப்பள்ளி வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அவரும் மகனும் ஒரு பையை இறக்கினார்கள். சொந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்திய அரிசி, ஒரு மரைக்கால்.

"இவ்வளவு தூரம் ஏனம்மா சுமந்து வந்த நீங்க?" என்றேன்.

"எத்தினை வருசம் உங்கட ஊர்த் தண்ணி குடிச்சம் ரீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் பந்தியில் நான் உட்கார்ந்தேன். வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, வரிசையாகச் சோறு வந்தது. என் இலைக்குப் பரிமாறியவர் அவர்தான். "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டார். நான் இலையை நகர்த்திக் கொடுத்தேன்.